யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை

ஆவுடையப்பன் தன் மனைவியை முதன்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, வடிவு டீச்சர் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

போடாமல் என்ன செய்வார்? கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து 'வடிவு' என்கிற மூன்றெழுத்து ஒரு தடவைகூட வந்ததில்லை. 'ஏட்டி' என்பார். பக்கத்தில் ஆள் இருந்தால் 'இந்தா' என்பார். ரொம்பக் கோபம் வந்தாலும் ரொம்பச் சந்தோஷம் வந்தாலும் 'ஏ மூதி'. மூதேவி தேய்ந்து மூதி ஆனது. திருநெல்வேலிக்காரர்கள் அதை வசவென்று ஒத்துக்கொள்வார்கள். ஆனால் பிடிக்காதவர்களிடம் சொல்லி அந்த வார்த்தையை வீணாக்க மாட்டார்கள்.

டீச்சர் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். ஆவுடையப்பன் வாழைத்தார் ஏலக்கடையில் ஏலம் கூறுகிறவர். ஊரிலேயே 'ழ' அதிகமாகத் தேவைப்படுகிற தொழில் அது. அவரோ அந்த எழுத்தைத் தொட்டதே இல்லை. அவருக்கு அது வாளத்தார்தான். "வாழை, வாழை, நாக்க மடக்கிச் சொல்லுங்க" என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். "எனக்கு வியாவாரம் நடந்தாப் போதும்ட்டி, நாக்கு மடங்கி என்ன ஆவப்போவுது?" என்று அவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை, ஏலக்கடை மேடையில் நின்று "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று சொன்னவருக்கு மூன்றாவது வரவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது, பேச்சும் வலது கையும் போயின. அடுத்தவர் பேசுவது எல்லாம் புரிந்தது. சொல்ல நினைப்பதும் உள்ளே பத்திரமாக இருந்தது. அதற்கான வார்த்தையைத் தேடி எடுக்கிற வழிதான் மூடிக்கொண்டது. எழுதவும் வராது. ஆமாம் என்றால் இடது புருவத்தைத் தூக்குவார், இல்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் அதுதான் மொழி என்று ஆனது.

நினைப்பதைப் பேசும் டேப்லெட்டுகள் வந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன. நெற்றியில் ஒரு பட்டை. அது மனசில் பேச நினைத்ததைப் படித்து அனுப்பும். டேப்லெட் அதற்கு வார்த்தை தேடிப் பேசும். அதில் உயர்ந்த ஜாதி டேப்லெட் 'தேன்மொழி'. கண்ணாடி மாதிரி மெல்லிசு, சத்தம் போடாது, சூடாகாது, கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. புனேயில் வேலை பார்க்கும் மகள் கோமதி அதை வாங்கி அனுப்பிவிட்டு, கல்யாண வீடியோ, ஏலக்கடை வீடியோ எல்லாவற்றையும் கம்பெனிக்குக் கொடுத்து, அப்பாவின் பழைய குரலையே அதற்குள் உருவாக்கி வாங்கினாள். கம்பெனி கேட்ட இடத்திலெல்லாம் 'சம்மதம்' என்று தட்டினாள். அப்பாவுக்காக எதற்குத்தான் அவள் சம்மதித்திருக்க மாட்டாள்?

அந்தக் குரல்தான், ஏலம் கூவிக் கூவிக் கரகரத்துப்போன அதே குரல்தான், முதல் நாள் காலையில் அடுக்களையைப் பார்த்துச் சொன்னது: "அன்பு வடிவு, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தருவாயா? வாழைப்பழமும் வேண்டும்."

கரண்டி விழுந்தது. 'ழ' அத்தனை சுத்தம். டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கல்யாணப் பெண் பார்க்கிற பார்வை. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஒரு மாதம் டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. அண்டை அயலார் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். "அண்ணாச்சி இப்பத்தான் ஒளுங்காப் பேசுதாவ" என்று எதிர்வீட்டம்மா பாராட்டினாள். போனில் கோமதியிடம், "மகளே, உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன்" என்றது அந்தக் குரல். அவள் புனேயில் உட்கார்ந்து தேம்பினாள்.

முதலில் உறுத்தியது சுடலைமுத்து வந்தபோது. ஏலக்கடையில் ஆவுடையப்பனுக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் பெற்றவர்களையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளாமல் ஒரு பொழுதும் பேச்சைத் தொடங்கியதில்லை. அன்றைக்குச் சுடலைமுத்து வாசலிலேயே, "என்னவே, இன்னும் மண்டயப் போடலியா நீரு?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஆவுடையப்பனின் முகம் மலர்ந்தது. டேப்லெட் சொன்னது: "தங்கள் வருகைக்கு மிக்க நன்றி, நண்பரே. தாங்கள் நலமா?"

சுடலைமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். மெதுவாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கேன் சார்" என்று வாயில் வந்துவிட்டது. நாற்காலி நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனவர், அதற்கப்புறம் வரவே இல்லை. தெருவில் பார்த்தபோது டீச்சர் கேட்டதற்கு, "அவரு பெரிய ஆளாயிட்டாரு டீச்சர். நமக்கு அங்கன என்ன சோலி?" என்று சொல்லிவிட்டார்.

பிறகு பால் பொங்கிய நாள். டீச்சர் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அடுக்களைக்கு நேராக உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் படபடத்து இடது கையை ஆட்டினார். டேப்லெட் ஒரு கணம் யோசித்து, கனிவான குரலில், "அன்பு வடிவு, உனக்கு நேரம் கிடைக்கும்போது அடுப்பைச் சற்றுக் கவனிக்க முடியுமா?" என்றது. நேரம் கிடைத்துப் போய்ப் பார்த்தபோது பால் முழுவதும் அடுப்பில் கிடந்தது.

டீச்சர் கரித்துணியோடு வந்து கணவர் முன்னால் நின்றார். ஆவுடையப்பனின் முகத்தில் இருந்த எரிச்சலுக்கும் அந்தக் குரலில் இருந்த கனிவுக்கும் சம்பந்தமே இல்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கேன். நீங்க இப்ப 'அன்பு வடிவு'ன்னா சொன்னிய?"

அவர் கண்ணை மூடினார்.

"பின்ன என்ன சொன்னிய? மூதின்னா?"

புருவம் விருட்டென்று மேலே போனது.

"முதல் நாள் தண்ணி கேட்டப்பவும் மூதிதானா?"

புருவம் மறுபடியும். பிறகு ஆவுடையப்பன் இடது கையால் நெற்றிப்பட்டையைக் கழற்றி டேப்லெட் மேல் வைத்தார். அன்றைக்கு வைத்ததை அவர் எடுக்கவே இல்லை.

டீச்சருக்குப் பயம் பிடித்தது. பேச்சை விட்டுவிட்டால் உள்ளே மிச்சம் இருக்கிற சொற்களும் காய்ந்துபோகும், தினமும் பேசவைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டீச்சர் பட்டையை எடுத்துக்கொண்டு போவார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஊரையே கூவி அழைத்த மனிதர் ஒரு மூலையில் பேச்சு மூச்சில்லாமல் சுருங்கிக்கொண்டு வந்தார். புருவம் தூக்குவதும் குறைந்தது.

மேலப்பாளையத்தில் மைமூன் டேப்லெட் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். கோமதியோடு படித்தவள், டீச்சரின் வகுப்பில் இருந்தவள். டீச்சர் தேன்மொழியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றாள் மைமூன். "இத அப்படித்தான் செஞ்சிருக்காங்க. யாரு மனசும் புண்படக் கூடாதுன்னு வசவு வார்த்தைய எல்லாம் எடுத்துரும். எடுத்த இடத்துல அதுவா ஒரு நல்ல வார்த்தையப் போட்டுரும்."

"மூதி வசவு இல்லட்டி. எங்க வீட்டுல அது..." டீச்சர் நிறுத்திவிட்டார். அதற்கு இலக்கணத்தில் என்ன பெயர் என்று அவருக்குத் தோன்றவில்லை. "அந்த ஒரு வார்த்தைய மட்டும் விட்டுரச் சொல்ல முடியாதா?"

"கோடிப் பேரு வச்சிருக்காங்க. ஒரு வீட்டுக்காவ மாத்துவாங்களா? நாம தொறந்து மாத்தவும் வழி கெடையாது. உள்ள போற கதவு அவங்ககிட்டத்தான் இருக்கு." மைமூன் அலமாரியிலிருந்து தடிமனாக, முனை சிராய்த்த ஒரு டேப்லெட்டை எடுத்தாள். "இது பேரு சந்தை. இதுல கதவே இல்ல. ஊரு உலகத்துல இருக்கவங்க சேந்து காசு வாங்காமச் செஞ்சது. யாரும் உள்ள போலாம், எதையும் மாத்தலாம். மாமா பேசுறது எப்படியோ அப்படியே கத்துக் குடுக்கலாம்."

"பின்ன என்ன, இதையே எடு."

"அவசரப்படாதீங்க. இது இடையில நின்னு போவும், தட்டி எழுப்பணும். மாமாக்கு மேலுக்கு முடியலன்னா தேன்மொழி தானா ஆஸ்பத்திரியக் கூப்பிடும். இதுல அத நான் தனியாச் சேக்கணும், சேத்துத் தாரேன். இதுக்கு ஒளிக்கத் தெரியாது, தெருவுக்கே கேக்கும்."

"கேட்டாக் கேக்கட்டும்."

மைமூன் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குரலு வராது டீச்சர். மாமா குரல அந்தக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப உள்ள சட்டத்துல பதிஞ்ச குரலுக்கு ஒரே சொந்தக்காரன்தான். பழைய வீடியோவ வச்சு இன்னொருக்கச் செய்யவும் கூடாது. செஞ்சா என் கடைய மூடிருவாங்க. அங்க கணக்க முடிச்சா அந்தக் குரலையும் அழிச்சுருவாங்க. அங்கன இருந்தா குரலு, இங்கன வந்தா பேச்சு. ரெண்டும் சேந்து கெடைக்காது."

டீச்சர் அந்த அழகான டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பினார். வழியெல்லாம் அதை ஒரு கையால் பொத்தியபடியே வந்தார்.

கோமதி போனில் வெடித்தாள். "அப்பா குரலு போயிருமேம்மா! ஒரு வார்த்தைக்காகவா? நல்லாத்தான பேசுதாங்க?"

"ஏட்டி, உங்கப்பா உன்ன மகளேன்னு என்னைக்காவது கூப்பிட்டுருக்காவளா?"

"இல்ல."

"என்னன்னு கூப்பிடுவாவ?"

"எலிக்குஞ்சின்னு" என்றாள் கோமதி. சொல்லும்போதே குரல் உடைந்தது. "ஏ எலிக்குஞ்சி, தின்னியாட்டின்னு கேப்பாங்க." பிறகு, "அப்பாட்டயே கேளும்மா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

டீச்சர் கேட்டார். கேட்கிற முறைப்படி, இரண்டையும் விளக்கி, நல்லது கெட்டதைப் பிரித்துச் சொல்லி, பாடம் நடத்துகிற மாதிரி கேட்டார். "பேசப்போறது நீங்க. ஆனா கேக்கப்போறது நான்லா. எனக்கு ரெண்டும் வேணும்ங்க. எனக்கு முடிவு எடுக்கத் தெரியல" என்று கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

தேன்மொழியின் திரையில் எழுத்து நின்றது: 'கணக்கை முடித்தால் உங்கள் குரல் அழிக்கப்படும். திரும்பப் பெற இயலாது. முடிக்கலாமா?' டீச்சரின் விரல் அதன் மேலே போய்ப் போய்த் திரும்பியது.

ஆவுடையப்பன் கையை நீட்டிப் பட்டையைக் கேட்டார். இத்தனை நாளாகத் தொடாதவர், தானே நெற்றியில் மாட்டிக்கொண்டார். முதுகை நிமிர்த்தினார். இடது கையை, ஏலக்கடை மேடையில் தூக்குகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கினார்.

"ஒரு முறை" என்றது டேப்லெட்.

டீச்சருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "அட பாவி! தரம்னு சொன்னியளா? அதையுமா மாத்துது?"

புருவம் மேலே போனது. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"இரண்டு முறை." கரகரத்த அந்தக் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. அந்த இடத்தில்தான் அன்றைக்கு ஏலக்கடையில் நின்றது. ஆவுடையப்பன் மனைவியைப் பார்த்தார். இது நிற்கட்டும், இப்படியே இரண்டில் நிற்கட்டும் என்று டீச்சரின் ஒரு மனசு கும்பிட்டது.

"மூன்று முறை" என்றது குரல். தூக்கிய கை இறங்கி, சுட்டுவிரல் டீச்சரை நோக்கி நீண்டது. ஏலத்தில் மூன்று சொல்லி ஆளைக் காட்டிவிட்டால், அதற்குமேல் யாரும் பேச்சை மாற்றக் கூடாது. கணக்கை முடி என்று அவர் சொல்லியாகிவிட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

அந்தக் குரல் அத்தோடு போயிற்று. மறைத்து என்ன, டீச்சர் அன்றைக்குச் சமைக்கவில்லை. இரண்டு பேரும் மோர் குடித்துவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தைக்குப் பேச்சுக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆவுடையப்பன் மாதிரி பேசத் தெரிந்த யாராவது அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிக் கொடுத்தால், பேசிக் கொடுத்தவரின் குரலிலேயே அது பேசும் என்றாள் மைமூன். சுடலைமுத்துவை விட்டால் யார்? விஷயத்தைக் கேட்டதும் அவர் ஓடிவந்தார். ஆனால் பதிவு தொடங்கிச் சிவப்பு விளக்கு எரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம்" என்று ஆரம்பித்து மேடைப்பேச்சுப் பேசினார். எத்தனை தடவை சொன்னாலும் வணக்கத்தைத் தாண்டி அவரால் வர முடியவில்லை.

"தள்ளும்வே" என்றார் டீச்சர். அந்த 'வே' எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாழைத்தார்" என்று தொடங்கினார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் கண்ணை மூடினார். தப்பு.

"வாழத்தாரு."

கண் திறக்கவில்லை. டீச்சர் பல்லைக் கடித்தார். எத்தனை பிள்ளைகளை இந்த எழுத்துக்காக முட்டி போட வைத்திருக்கிறார்!

"வாளத்தாரு."

புருவம் மேலே போனது. மைமூன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் அணை திறந்துவிட்டது. "ஏ மூதி... சவத்து மூதி... ஏல, கூறுகெட்ட பயலே... ஏட்டி கோட்டிக்காரி, சாவிய எங்கட்டி வச்ச?... பேதில போவான், எட மெஷினுல காத்தடிச்சா வச்சிருக்கான்?... காப்பில சீனி போட்டியா, போடமாட்டேன்னு சாமிக்கு நேந்துக்கிட்டியா?" ஏற்ற இறக்கம் தப்பாமல், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டி, டீச்சர் முப்பது வருஷத்துப் பேச்சையும் பேசினார். காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஒன்று விடாமல் இருந்தது. கோமதிக்காக, "ஏ எலிக்குஞ்சி, தின்னியாட்டி?" என்பதையும் சொல்லிவைத்தார். ஆவுடையப்பன் சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தார். அடைப்பு வந்ததற்கப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

சந்தை தயாரானதும் மைமூனே வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினாள். சுடலைமுத்து முதல் ஆளாக வந்து, நாற்காலி நுனியில் அல்லாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். டீச்சர் அடுப்பில் காப்பிக்குப் பால் வைத்துவிட்டு அடுக்களை நிலையில் வந்து நின்றார். மூதி வருவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

டேப்லெட் கரகரவென்று இரைந்தது. நின்றது. மைமூன் தட்டினாள்.

"வ... டி... வு" என்றது. திக்கித் திக்கி, எழுத்தெழுத்தாக, டீச்சரின் குரலிலேயே.

டீச்சரின் முகம் விழுந்துவிட்டது. "இதுவும் மாத்துதேட்டி, மைமூன்! குரலையும் குடுத்துட்டு இப்ப..."

"இல்ல டீச்சர்." மைமூன் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "இதுல மாத்துற வசதியே கெடையாது. இவ்வளவு பேசிக் குடுத்தீங்களே, உங்க பேர ஒரு தடவையாவது சொன்னீங்களா? யாரும் சொல்லிக்குடுக்காத வார்த்தை அது. அதான் தெரியாம எழுத்துக்கூட்டுது. மாமாதான் சொல்லுதாங்க."

டீச்சர் கணவரைப் பார்த்தார். இடது புருவம் மேலே இருந்தது.

தன் பெயரைத் தன் குரலில் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. டீச்சர் கேட்டார். இந்தத் தடவை அது தடங்கலில்லாமல் பேசியது.

"அந்தப் பொட்டி உன்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டப்ப ஒரு பார்வ பாத்தல்லா. கரண்டியப் போட்டுட்டு. நான் சொன்னது மூதி, பேரு சொன்னது அந்தச் சவம், பார்வையும் அதுக்குப் போச்சு. எனக்குல்லா கெடச்சிருக்கணும் அது? எத்தன வருசமா ஒரு பேரச் சொல்லாமக் கெடந்துட்டேன் பாரு."

சுடலைமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவரு என்னைக்கும்மா இப்படிலாம் பேசினாரு?" என்று மைமூனிடம் முணுமுணுத்தார்.

டீச்சர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"ஏ மூதி!" என்று டேப்லெட் தெருவுக்கே கேட்கும்படி கத்தியது. "பாலு பொங்குதுட்டி!"

டீச்சருக்குக் கேட்டது. ஆனாலும் அடுப்புப் பக்கம் திரும்பாமல், அன்றைக்கு அந்த டேப்லெட்டுக்குப் போன பார்வையை ஆவுடையப்பனுக்குக் கொடுத்துக்கொண்டே நின்றார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.